குதிரை என்னிடம், மனிதன் அக்காவிடம்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் டப்பா மூடி செய்தார்கள். பிளாஸ்டிக் குருணையை உருக்கி அச்சுக்குள் செலுத்தும் மிஷின். அச்சு மூடும், உள்ளே ஏதோ சீறும், கொஞ்ச நேரம் ஆறும், பிறகு திறக்கும். திறந்ததும் மிஷின் கதவை இழுத்து, சூடான மூடிகளைக் கையால் எடுத்துப் போட்டு, கதவைத் தள்ளிச் சாத்த வேண்டும். அதைச் செய்தவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண். பக்கத்தில் மேசை போட்டு, மூடிகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைப் பிளேடால் சீவுவது என் வேலை. விரலில் வெட்டு விழும். டேப்பைச் சுற்றிக்கொண்டு தொடரலாம். இதைவிட மோசமான வேலைகளைப் பார்த்திருக்கிறேன்.

பத்தாவதில் ஆங்கிலத்தில் மட்டும் தோற்று, ரிசல்ட் வந்த வாரமே புதுச்சேரியை விட்டுப் போனவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, கோவாவில் ஓட்டல் சமையலறை, பிறகு கர்நாடகத்தில் சாலை போடும் கூட்டத்தோடு ஊர் ஊராக. ஒரே இடத்தில் இருந்தால் எனக்குத் தூக்கம் கெடும். கையில் பையோடு பஸ் நிலையத்துப் பெஞ்சில் படுத்தால் நன்றாகத் தூங்குவேன். திரும்பி வந்தபோது வீடென்று ஒன்றும் மிச்சமில்லை. புதுச்சேரியிலேயே சாரம் பகுதியில் ஒரு மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. சேர்ந்த முதல் நாளே, இங்கே எவ்வளவு நாள் என்று மனம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அக்காவுக்கு அந்தக் கேள்வி இல்லை. அவருடைய அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியபோது அக்கா பத்தாவது எழுதி, அவரும் ஆங்கிலத்தில் மட்டும் தோற்றிருந்தார். மறுபடி எழுத யாரும் அனுப்பவில்லை. வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கரும்பு வெட்டில்லாத நாட்களில் வேலைக்கு வந்தவர், அப்படியே மிஷினோடு தங்கிவிட்டார். எங்கள் வரிசையில் அந்த மிஷினின் சத்தம் மாறினால் முதலில் தெரிவது அவருக்குத்தான்.

ஒருநாள் சூப்பர்வைசர் வந்து சொன்னார். மருந்துக் கம்பெனி ஒன்றுக்கு மூடி செய்யப் போகிறோம். அதற்குக் கண்ணாடி அறை கட்டி, புது மிஷின் வைப்பார்கள். பழைய மிஷின்களைக் கழித்துவிடுவார்கள். புது மிஷினில் நிற்கிறவர்கள் பத்தாவதாவது தேறியிருக்க வேண்டும். தேறாதவர்கள் பேக்கிங்குக்குப் போகலாம். பேக்கிங் காண்ட்ராக்ட் ஆட்கள் கையில். இன்றைக்கு வேலை இருக்கும், நாளைக்கு இருக்காது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

மறு வாரம் இரண்டு விண்ணப்பத்தோடு வந்தார். தனித்தேர்வராக ஆங்கிலம் மட்டும் எழுத.

"ஒண்ணு உனக்கு" என்றார்.

"எனக்கு எதுக்குக்கா? நான் எந்த மிஷினப் புடிச்சித் தொங்கப் போறேன்?"

"எனக்குத் துணைக்குடா. தனியா உக்காந்து இங்கிலீஷ் படிச்சா எங்க வீட்டுல சிரிப்பாங்க. கூட ஒரு தண்டம் இருந்தா, அதப் பாத்துச் சிரிப்பாங்க."

அப்படித்தான் நான் படிக்க வந்தேன்.

வேலை செய்யும் இடத்துக்குள் போன் கூடாது, புத்தகம் கூடாது. வீட்டில் அக்காவுக்கு நேரம் கிடையாது. எனக்கு நேரம் உண்டு, ஆனால் நாற்காலியில் உட்கார வராது. மிச்சம் இருந்தது வேலை நேரம். கைக்குத்தானே வேலை, வாய் சும்மாத்தானே இருக்கிறது என்றார் அக்கா. காலையில் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்று நாலு வரியைப் பார்த்துக்கொள்வோம். உள்ளே போனதும் ஆரம்பித்துவிடுவோம். மிஷின் திறக்கும்போது கதவை இழுத்துக்கொண்டே அக்கா ஒரு வரி சொல்வார். அச்சு மூடும்போது நான் அடுத்த வரி. திறந்தால் அக்கா, மூடினால் நான். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டும். பக்கத்து மிஷின் ஆட்கள் முதலில் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்தார்கள். பிறகு, பாட்டு நின்றால் "இன்னாக்கா, இன்னிக்கு ஸ்கூல் லீவா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மனப்பாடப் பகுதியில் ஒரு கவிதைதான் எங்களுக்குப் பிடித்தது. ஒரு மனிதன் குதிரையோடு மரப்பாலத்துக்கு வருகிறான். குதிரை நின்றுவிடுகிறது. அவன் கூப்பிடுகிறான், குதிரை காதை மடக்குகிறது. அவன் கயிற்றை இழுக்கிறான், குதிரை குளம்பை ஊன்றுகிறது. கெஞ்சுகிறான், அது ஆற்றைப் பார்க்கிறது. கடைசியில் அவன் பாலத்தின் முனையில் உட்கார்ந்துவிடுகிறான். பொழுது சாய்கிறது. குதிரை தானாக ஒரு காலை எடுத்துப் பலகைமேல் வைக்கிறது. அவ்வளவுதான் கவிதை. அதற்குமேல் தாண்டியதா இல்லையா என்று எழுதியவர் சொல்லவில்லை.

இதை இப்படிப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. பாதி வார்த்தைகள் தெரியாது. என் அறைக்குச் சொந்தக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதற்குச் சொல்கிறபடி தெருவில் எல்லோருக்கும் அவர் முசியே. வெளிநாடெல்லாம் பார்த்தவருக்கு இங்கிலீஷ் தெரியாமலா போகும் என்று புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். ஒவ்வொரு வார்த்தையின் வாலையும் விழுங்கி விழுங்கிப் படித்தார்.

"நல்லாத்தான் கீது" என்றார்.

"அர்த்தம் முசியே?"

"பிரெஞ்சுல கேளு, சொல்றேன். இது அவங்க பாஷ. அவங்ககிட்டத்தான் கேக்கணும்."

நல்ல மனிதர். தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை. பிறகு டிக்ஷனரியை வைத்துக்கொண்டு நானே தட்டித் தடவிப் பார்த்தேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் கதையாகச் சொன்னேன்.

"அவன் ஏன் உக்காந்தான்?" என்றார் அக்கா.

"களைப்பா இருந்திருக்கும். கைடுல அப்படித்தான் போட்டிருக்கான்."

"கைடு எழுதனவன் மாடு ஓட்டியிருக்க மாட்டான். இழுக்க இழுக்க அதுக்கு பயம் ஏறும்டா. இவன் உக்காந்தாத்தான், அவசரம் ஒண்ணும் இல்லன்னு அதுக்குத் தெரியும். எங்க மாமனார் மதகுகிட்ட வண்டிய நிறுத்திட்டு பீடி பத்த வெப்பாரு. பீடி முடியறதுக்குள்ள மாடு நகந்துடும்."

"அதையே எழுதுக்கா."

"பீடிக்கு இங்கிலீஷ்ல இன்னா?"

இப்படியே குளிர்காலம் போனது. கவிதைகள் எல்லாம் வாயில் ஓடின. பாடங்களையும் அப்படியே படித்தோம். கதையிலிருந்து நான் கேள்வி கேட்பேன், அக்கா பதில் சொல்வார். எனக்கே ஒரு மிதப்பு வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் எட்டாதது இந்தப் பிசிறு மேசையில் எட்டிவிட்டது என்று டீக்கடையில்கூடச் சொல்லிக்கொண்டேன்.

பரீட்சைக்கு ஒரு மாதம்போல இருந்தபோது மின்துறை பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். காலையிலேயே மிஷின்கள் நின்றுவிட்டன. ஜெனரேட்டர் ஆபீசுக்கு மட்டும். எங்களையெல்லாம் வெளியே சைக்கிள் ஷெட்டில் உட்காரச் சொன்னார் சூப்பர்வைசர்.

"வாடா, எழுதிப் பாக்கலாம்" என்றார் அக்கா.

கிழிந்த அட்டைப்பெட்டிகள் கிடந்தன. ஆளுக்கு ஒரு அட்டையை எடுத்துக்கொண்டோம். காப்பியடிக்கக் கூடாது என்று முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்தோம். குதிரைக் கவிதை. நான் எழுதத் தொடங்கினேன். காது மடங்கியது வந்தது. அதற்கு முன்னால் என்ன? குளம்பு வந்தது. அதற்கு முன்னால்? ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு பள்ளம். அங்கே என் வாய் சும்மா இருந்து பழகியிருந்தது. அந்த இடத்தில் யாரோ சொல்வார்கள் என்று காது காத்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் அக்காவின் பேனாவும் நின்று நின்றுதான் ஓடியது.

"முடிச்சிட்டியா?" என்றார்.

"உன்னுத குடுக்கா."

அட்டைகளை மாற்றிக்கொண்டோம். அக்காவின் அட்டையில் ஒரு மனிதன் கூப்பிட்டான், இழுத்தான், கெஞ்சினான், உட்கார்ந்தான். குதிரையே இல்லை. என் அட்டையில் ஒரு குதிரை காதை மடக்கியது, குளம்பை ஊன்றியது, ஆற்றைப் பார்த்தது. மனிதனே இல்லை.

இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பிறகு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கும் வந்தது. ஷெட்டில் படுத்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

"எல்லாப் பாட்டும் இப்படித்தானாடா?"

எல்லாமே இப்படித்தான். ஒன்று விடாமல் சோதித்துப் பார்த்தோம். கவிதைகளில் அவருக்கு ஒரு பாதி, எனக்கு ஒரு பாதி. பாடங்கள் இன்னும் அழகு. எல்லாக் கேள்விகளும் எனக்குத் தெரியும், பதில்கள் அக்காவிடம் இருந்தன. அவருக்கோ நான் கேட்கும் குரலில் கேட்டால்தான் பதில் வரும். கேள்வியைத் தாளில் பார்த்தால் அது எந்தப் பாடம் என்றே தெரியவில்லை.

"ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வெச்சி ஒரே தாள் குடுத்தா பாசாயிடுவோம்" என்றேன்.

அக்கா சிரிப்பை நிறுத்தியிருந்தார். எதிரே கண்ணாடி அறைக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கொத்தனார்களுக்குக் கரண்ட் தேவையில்லை. அவர்கள் பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதே வாரம் ஹூப்ளியிலிருந்து பழைய கூட்டாளி போன் செய்தான். சாலை வேலை தொடங்குகிறது, உடனே வா, தார் வண்டியில் இடம் இருக்கிறது என்றான். நான் இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பதே அதிகம். பையை எடுத்துத் தூசி தட்டி வைத்துவிட்டுத்தான் யோசித்தேன். மூன்றாம் நாள் டீக்கடையில் அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"போறதுன்னா போ" என்றார். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "என் பாட்டுல பாதி உங்கிட்ட கீது. அதக் குடுத்துட்டுப் போ."

நியாயமாகத்தான் பட்டது. கூட்டாளியிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அன்றே வரிகளை மாற்றிக்கொண்டோம். மிஷின் திறந்தால் அக்கா குதிரையைச் சொன்னார், மூடினால் நான் மனிதனைச் சொன்னேன். நாலைந்து நாளில் அவருக்கு என் வரிகள் எல்லாம் வந்துவிட்டன. சரி, இப்போது சேர்த்துச் சொல்லுக்கா என்றேன். மனிதனை முழுக்கச் சொன்னார். மூச்சு வாங்கிவிட்டுக் குதிரையை முழுக்கச் சொன்னார். இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே இல்லை.

"மனுசன் ஒரு பக்கமாப் போயி உக்காந்துட்டான். குதிர வேற ஊருல நிக்குது" என்றார் அக்கா. இந்த முறை சிரிக்கவில்லை.

நான் வாயைத் திறக்காமல் இருப்பது, அவர் ஒருவரே இரண்டையும் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். அதுவும் எளிதாக இல்லை. தன் வரியைச் சொல்லி முடித்ததும் அக்காவின் முகம் தானாக என் பக்கம் திரும்பும். நான் பேசாமல் இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அதற்குள் மிஷின் திறந்துவிடும். கதவை இழுக்கத் தாமதமாகும். சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்ப்பார். எனக்கும் உதடு அசையும். அதைப் பார்த்தால் அவர் அடுத்த வரியைப் பிடித்துக்கொள்வார். அது ஏமாற்று என்று அவரே கண்டுபிடித்தார்.

"நீ அந்தாண்ட திரும்பி உக்காரு" என்றார்.

மேசையை அப்படியே விட்டு, ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மடியில் தட்டு வைத்துப் பிசிறு சீவினேன். பின்னால் மிஷின் திறக்கும் சத்தம், அக்காவின் குரலில் மனிதன். அச்சு மூடும் சத்தம், வெற்றிடம். திறந்தது, மனிதன். மூடியது, ஒன்றுமில்லை. முதல் நாள் அப்படியே போனது. மறுநாள் மதியத்துக்குமேல், அச்சு மூடும் சத்தத்தின்மீது அக்காவின் குரல் வந்தது. குதிரை காதை மடக்கியது. நான் திரும்பவில்லை. அடுத்த திறப்பில் மனிதன் இழுத்தான், அடுத்த மூடலில் குளம்பு ஊன்றியது. நடுவில் ஒரு இடத்தில் தடுக்கி, முதலிலிருந்து தொடங்கி, மறுபடி தடுக்கி, ஷிப்ட் முடிவதற்குள் கடைசிப் பலகைவரை வந்து சேர்ந்தார். ஒரே குரலில் அந்தக் கவிதையை நான் கேட்டது அப்போதுதான். மாதக்கணக்கில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தும், குதிரைக்கும் அவனுக்கும் இடையே ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அன்று மாலை சாரத்துக்கு நடந்தே போனேன். நடையோடு நடையாக நானும் சொல்லிப் பார்த்தேன். இடது கால் மனிதன், வலது கால் குதிரை. பாதி வழியில் கூட்டாளிக்குப் போன் செய்து, பரீட்சை முடிந்துதான் வருவேன் என்றேன்.

"இன்னா பரீட்ச?" என்றான்.

"பத்தாவது."

போனிலேயே ஐந்து நிமிடம் சிரித்தான். சிரிக்கட்டும்.

பரீட்சை நாளன்று பள்ளிக்கூட வாசலில் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே நாங்கள் இருவர். ஒரு பையன் அக்காவிடம் வந்து, "ஆன்ட்டி, பேரன்ட்ஸ் கேட்டுக்கு வெளிய நிக்கணுமாம்" என்றான். அக்கா ஹால் டிக்கெட்டை விசிறிபோல வீசிக் காட்டினார். எங்களுக்கு வேறு வேறு அறை. பிரியும்போது அவர் முகம் வெளுத்திருந்தது.

"மறந்துட்டா?" என்றார்.

"நான் திரும்பி உக்காந்திருக்கேன்னு நெனச்சிக்கோ."

தாளில் குதிரை வந்திருந்தது. நான் காலைத் தரையில் மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டே எழுதினேன். பாடக் கேள்விகளில் சிலதை விட்டேன். மற்றதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் போட்டேன்.

வெளியே வந்தால் அக்கா வேப்பமரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சேலையின் தோள் பக்கம் வியர்வையில் நனைந்திருந்தது.

"குதிர வந்துதாக்கா?"

"முழுசா வந்துது. ஆனா ஒரு கூத்து. எழுத எழுத இந்தக் கை தானா இழுக்குதுடா." இடது கையால் காற்றில் மிஷின் கதவை இழுத்துச் சாத்திக் காட்டினார். "ஹால்ல நின்ன சார் கிட்ட வந்துட்டாரு. இன்னாம்மா கைய ஆட்ற, யாருக்கு சிக்னல் குடுக்கறன்னாரு. மிஷின் கதவு சார்னேன்."

"அதுக்கு?"

"எந்த மிஷின்னு கேட்டு பெஞ்சுக்கு அடியில குனிஞ்சி பாத்தாரு. அப்பறம் எங்க வேலைய எடுத்துச் சொன்னேன். சரி, சத்தம் வராம ஆட்டுன்னு போயிட்டாரு."

"அவன் ஏன் உக்காந்தான்னு கேட்டிருந்தாங்களே."

"அவசரமில்லன்னு குதிரைக்குத் தெரியணும்னு எழுதிட்டேன். கைடுல இல்ல. மார்க்கு போட்டா போடட்டும்."

போட்டார்களா என்று எங்களுக்குத் தெரியாது. மொத்தத்தில் எவ்வளவு என்றுதான் சொல்கிறார்கள், எந்தப் பதிலுக்கு என்று சொல்வதில்லை. ரிசல்ட் வந்த அன்று சூப்பர்வைசரே தன் போனில் பார்த்துச் சொன்னார். அக்கா தேறியிருந்தார், பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் மேலே. நானும் தேறியிருந்தேன், அவரைவிட இன்னும் கொஞ்சம் மேலே.

"கேள்வியெல்லாம் இவனுக்கு முன்னாடியே தெரியும் சார்" என்றார் அக்கா. "அந்தக் கொழுப்பு."

அதற்குப் பிறகும் நான் உடனே போகவில்லை. பழைய மிஷினைக் கழற்றி லாரியில் ஏற்றும்வரை இருந்தேன். அக்கா வாசல்வரை வந்து, லாரி திரும்பும்வரை பார்த்தார். அதன் பிறகு பிசிறு சீவும் வேலையும் இல்லாமல் போயிற்று. புது மிஷினில் பிசிறே வராது. கூட்டாளி இன்னும் ஹூப்ளிப் பக்கம்தான் இருந்தான்.

கிளம்பும் நாளில் பையோடு கம்பெனிக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தார். தலையில் நீலத் தொப்பி, வாயில் மாஸ்க், கையில் உறை. புது மிஷினுக்குக் கதவு இழுக்க வேண்டியதில்லை, தானே திறந்து தானே கொட்டும். அவர் திரையைப் பார்த்து, எடுத்த மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வைத்துக்கொண்டிருந்தார். இடது கை மட்டும் இடுப்பருகே கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் தள்ளிக்கொண்டிருந்தது.

டீ நேரத்தில் மாஸ்கை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"கெளம்பிட்டியா?"

"ஆமாக்கா. எட்டர பஸ்சு."

"எப்ப வருவ?"

"தெரியல."

எதிர்பார்த்த பதில்தான் என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு தொப்பிக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"பிளஸ் டூ எழுதலாம்னு கீறேன். அது இருந்தா லைன் இன்சார்ஜ் ஆவலாமாம். அதுலயும் பாட்டு இருக்குதாம்டா, இதவிடப் பெருசு."

"எழுது."

"நீயும் அங்கேர்ந்து எழுது. புத்தகம் ரெண்டு வாங்கி ஒண்ண அனுப்பறேன். ஆனா இந்த வாட்டி ஒழுங்கா முழுசாப் படி. ஹூப்ளில இருந்துகிட்டு உன் பாதிய போன்ல கேக்க வெக்காத."

சரி என்றேன். பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. திண்டிவனம் தாண்டும்வரை தூக்கம் வரவில்லை. வண்டி ஒரு பாலத்தின்மேல் மெதுவாக ஏறியபோது குதிரைக் கவிதையை ஆரம்பித்தேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அதற்காக நிறுத்தவில்லை. மனிதனையும் சொன்னேன், குதிரையையும் சொன்னேன்.